மாதா கெபி சபை: 2025-ஆம் ஆண்டின் செயலர் அறிக்கை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், சபைத் தலைவர் அவர்களுக்கும், அன்பிய ஒருங்கிணைப்பாளர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தின் குறிப்புகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் சீரியல் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் போன தொகையைச் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். அது தொடர்பாகக் கடைசியில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன்.

ஜனவரியில், மாதா சுரூபம் (சிலை) வைத்த நம் குகைக் கோவிலான கெபியைப் புதுப்பித்தோம். கடற்காற்றுக்கு இரும்புக் கிராதி நிற்காது என்பது காசிமேட்டுப் பக்கம் வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். இம்முறை எவர்சில்வர் கிராதி போட்டாகிவிட்டது. சுரூபத்துக்கு வண்ணம் பூச வந்தவர் கைத்திறன் உள்ளவர்தான். ஆனால் யாரும் பக்கத்தில் இல்லாத மதிய வேளையில் மாதாவின் இடைக்கச்சைக்கு ரோஸ் நிறம் அடித்து, புருவத்தையும் தடிமனாகத் தீட்டிவிட்டார். "கல்யாணப் பெண் மாதிரி லட்சணமாகத்தானே இருக்கிறது" என்று சிலர் பரிந்து பேசினார்கள். நம் கெபியில் இருப்பது லூர்து மாதா. 1858-இல் பிரான்ஸின் லூர்து ஊரில் மசபியேல் குகையில் மாதாவை 18 முறை காட்சி கண்ட பெர்னதெத் என்ற சிறுமிக்கு அப்போது வயது 14. வெண்ணுடை, நீல இடைக்கச்சை, இரு பாதங்களிலும் ஒவ்வொரு மஞ்சள் ரோஜா என்று சொன்னவள், போலீஸ் அதிகாரி மிரட்டி விசாரித்தபோதும் சொன்னதையே சொன்னாள். அவள் மாற்றாததை நாம் மாற்றுவானேன் என்று நீலமே திரும்ப அடிக்கப்பட்டது. புருவம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 11 அன்று பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலத்துக்கு வழக்கம்போல் நடைப்பயணம் சென்றோம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை குறைவின்றி நடந்தது. மாதக் கூட்டத்தைச் செவ்வாயிலிருந்து புதன்கிழமைக்கு மாற்றினோம். செவ்வாய் மாலை என்றால் நம் பெண்களில் பாதிப் பேர் பாரிமுனையில் அர்மேனியன் தெரு அந்தோனியாரிடம் போய்விடுகிறார்கள். அவரோடு போட்டி போட்டு நம் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க முடியாது.

ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு மறுநாள், திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். அன்று இரவு கெபியின் முன் அவருக்காக ஜெபமாலை சொன்னோம். வெளிநாட்டுப் பயணம் புறப்படும் முன்பும், திரும்பி வந்ததும், உரோமை மரியன்னைப் பெருங்கோவிலில் உள்ள பழைய மாதா படத்தின் முன் போய் நிற்பதை அவர் வழக்கமாக வைத்திருந்தார். அந்தக் கோவிலிலேயே தம்மை அடக்கம் செய்யும்படி எழுதியும் வைத்தார். பேதுரு பெருங்கோவிலை விட்டுவிட்டு இங்கே ஏன் என்று நம் இளைஞர்கள் கேட்டார்கள். கடலுக்குப் போகும்போதும் கரை சேர்ந்ததும் கெபியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்ளும் அவர்களுடைய அப்பாக்களைக் கேட்டால் தெரியும்.

மே மாதம் மாதாவின் வணக்க மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு ஆண்கள் கரையில்தான் இருந்தார்கள். எனவே மே மாத ஜெபமாலைக்கு ஆண்கள் கூட்டம் நிறைந்தது, சந்தா வசூல் படுத்தது. இது ஆண்டுதோறும் நடப்பதுதான். தடைக்காலத்தில் சந்தா கேட்டு யார் வீட்டுக் கதவையும் தட்டக்கூடாது என்ற பழைய வழக்கத்தை இந்த ஆண்டும் காப்பாற்றினோம். மே 8 இரவு ஜெபமாலை முடிந்தும் யாரும் கலையவில்லை. கெபித் திண்ணையில் கைபேசியைச் சாய்த்துவைத்து புதிய திருத்தந்தை தேர்வானதைச் சொல்லும் வத்திக்கானின் வெண்புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாடத்தில் வந்து நின்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, அன்று பொம்பேய் ஜெபமாலை அன்னைக்கு மன்றாடும் நாள் என்று நினைவூட்டி, மக்களோடு அருள் நிறைந்த மரியே சொன்னார். இத்தாலிய மொழிதான். ஆனாலும் நம் பாட்டிமார் எந்த இடத்தில் ஆமென் வரும் என்று தெரிந்து சரியாகச் சொன்னார்கள்.

ஜூன் 13 அந்தோனியார் திருநாள். தடை முடிய ஒரே நாள் இருக்கும்போது வருவதால் வலை, ஐஸ், டீசல் என்று ஆளுக்கொரு வேலை. பகலில் திருப்பலிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாலையில் படகுகளுக்கு மந்திரித்த தண்ணீர் தெளிக்கப்பட்டது. ரிமினி கரையில் மனிதர்கள் கேட்க மறுத்தபோது மீன்கள் தலைநீட்டி அவருடைய பிரசங்கத்தைக் கேட்டன என்ற கதையைப் பங்குத்தந்தை சொன்னார். "அந்த மீனையெல்லாம் இந்தப் பக்கம் அனுப்பச் சொல்லுங்கள் சாமி" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அது கேலியாகச் சொன்னதாக எனக்குப் படவில்லை. காணாமல் போன சாவிக்கும் வராத மீனுக்கும் ஒரே புனிதரைக் கூப்பிடுவது பக்தியில் மலிவான வகை என்று படித்தவர்கள் சிலர் நினைக்கிறார்கள். சின்ன விஷயத்துக்குக் கூப்பிட்டுப் பழகாதவர்கள் பெரிய கஷ்டம் வரும்போது யாரைக் கூப்பிடுவார்கள்?

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டிப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலுக்கு நடந்து போன காவி உடைப் பயணிகளுக்கு மோர் கொடுத்தோம். செப்டம்பர் 8 தேர்ப் பவனி நன்றாக நடந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லோரும் பார்த்தீர்கள். அதற்கு முந்தின நாள் உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ் படத்தைக் கெபியில் வைக்க வேண்டும் என்று இளைஞர்கள் மனு கொடுத்தார்கள். ஜீன்ஸும் ஷூவுமாக நிற்கும் புனிதரை மாதா பக்கத்தில் வைப்பதா என்று மூத்தவர்களுக்குச் சங்கடம். 2006-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு 15 வயது என்றும், தினமும் ஜெபமாலை சொன்னவர் என்றும் தெரிந்த பிறகு, முதலில் எதிர்த்த அம்மாவே படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தார்.

இனி அக்டோபர். ஜெபமாலை மாதத்தில் சிறிய சுரூபம் இரவுக்கொரு வீடாகப் போகிறது. லிஃப்ட் இல்லாத வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்கு மாதாவைத் துண்டில் சுற்றி ஏற்ற வேண்டும். வீடு என்பது ஓர் அறை. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, ஃபிரிட்ஜின் மேல் வெள்ளைத் துணி விரித்து, டிவி ரிமோட்டையும் மாத்திரை டப்பாவையும் தள்ளிவைத்துச் சுரூபத்தை வைப்பார்கள். மெழுகுவர்த்தி அணைந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். அந்தப் புழுக்கத்தில் ஜெபமாலையில் தியானிக்கும் ஐந்து மறையுண்மைகளும், மாதாவைப் பல பெயர்களால் விளித்து வேண்டும் மன்றாட்டுமாலையும் முடிகிற வரை ஒருவரும் எழுந்து போவதில்லை. வியாழன்தோறும் இயேசுவின் பொதுவாழ்வைத் தியானிக்கும் ஒளியின் மறையுண்மைகள். 2002-இல் வந்த இவற்றை நம் மூத்தவர்கள் இன்னமும் "புதுசு" என்றுதான் சொல்கிறார்கள்.

அம்மன் கோவிலுக்குப் போகிற ஒரு குடும்பம் தங்கள் வீட்டுக்கும் மாதா வரவேண்டும் என்று கேட்டது. செயற்குழுவில் பெரிய விவாதம். பங்குத்தந்தையிடம் கேட்டோம். ஜெபமாலையை ஒன்றும் விடாமல் சொல்லுங்கள், சுரூபத்தை இரவு அங்கே விட்டுவிடாமல் கையோடு எடுத்து வாருங்கள் என்றார். போனோம். அந்த அம்மா வாசலில் கோலம் போட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மல்லிகைச் சரத்தோடு காத்திருந்தார். பூவை மாதாவுக்குச் சாத்தி, பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். டயாலிசிஸில் இருக்கும் கணவருக்காக அவர் அழுது கேட்டுக்கொண்டதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

சென்னையின் தென்கோடியில் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட நம் பழைய குடும்பங்களும் கேட்டிருந்தார்கள். வேன் வாடகையைக் காரணம் காட்டி ஒரே ஒரு ஞாயிறுதான் போனோம். மன்றாட்டுமாலையில் "குடிபெயர்ந்தோரின் ஆறுதலே" என்று 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சேர்த்த விளி வந்தபோது, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற பதில் அங்கே எழுந்த சத்தத்தில் நம் தெருவில் நான் கேட்டதில்லை.

நவம்பர் 4 அன்று வத்திக்கான் வெளியிட்ட குறிப்பு, மாதாவை "இணை மீட்பர்" என்று அழைப்பது பொருத்தமல்ல, மீட்பர் கிறிஸ்து ஒருவரே என்று தெளிவாகச் சொன்னது. ஒன்பது நாள் ஜெபமான நவநாளுக்கு நாம் அச்சிட்ட தாளில் அந்தச் சொல் இருந்ததால் மறு அச்சு போட வேண்டியிருந்தது. சிலர் கலங்கிவிட்டார்கள். "அப்படியென்றால் இனி மாதாவிடம் ஒன்றும் கேட்கக்கூடாதா சாமி?" என்று ஒரு பாட்டி கேட்டார். ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம், இது எப்போதும் உள்ளதுதான் என்று பங்குத்தந்தை விளக்கினார். கானாவூரில் இரசம் தீர்ந்ததை மகனிடம் சொன்னவரும், "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்று பணியாளரிடம் சொன்னவரும் மாதாதான், ஆகவே தாராளமாகக் கேளுங்கள் என்றார். பாட்டி அன்றே அடுத்த நவநாளுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 8 அமல உற்பவப் பெருவிழா கெபியில் எளிமையாக நடந்தது.

தீர்மானம் இதுதான். வருகிற ஆண்டு தேர்த் திருவிழாவின் விளக்குச் செலவைப் பாதியாக்கி, மிச்சத் தொகையை அக்டோபர் வீட்டுச் சந்திப்புக்கு ஒதுக்க வேண்டும்: சுரூபத்துக்குக் கண்ணாடி வைத்த ஒரு மரப்பெட்டி, பெரும்பாக்கத்துக்கு வாரந்தோறும் வேன் வாடகை. விளக்கு குறைந்தால் பக்கத்துத் தெருக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று செயற்குழுவில் கேட்டவர்கள், அதே கேள்வியைப் பொதுக்கூட்டத்திலும் எழுந்து கேட்கலாம். ஓட்டெடுப்புக்கு விடுகிறேன்.

சந்தா பாக்கி உள்ளவர்கள் மார்ச் மாதத்துக்குள், அதாவது தடைக்காலம் தொடங்கும் முன், செலுத்திவிடவும். கெபியின் மாற்றுச் சாவியை வைத்திருப்பவர் இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலர்