கொகைன்: எடையும் விலையும் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமான நிலையத்தில் கொகைன் பிடிபடும்போதும், 2025 ஜூனில் சென்னையில் திரைத்துறையினர் கொகைன் வழக்கில் கைதானபோதும், எத்தனை கிராம், எத்தனை கோடி, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதையெல்லாம் செய்திகள் விரிவாகச் சொல்கின்றன. அந்தத் தூள் உடம்புக்குள் போனபின் என்ன செய்கிறது என்பதற்கு, நான் படித்தவற்றில் ஒரு பத்திகூட ஒதுக்கப்படவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் மருத்துவன் என்ற முறையில் இந்தக் குறை என்னை உறுத்துகிறது.

ஒரு ஞாயிறு அதிகாலை, முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர் ஒருவரை இரண்டு நண்பர்கள் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். "கேஸ் பிடிச்சிருக்கு டாக்டர், நைட்டு சரியா சாப்பிடல" என்றார் அவர்களில் ஒருவர். இளைஞரின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. டார்ச் வெளிச்சம் பட்டும் கண்மணிகள் சரியாகச் சுருங்கவில்லை. ஈ.சி.ஜி. மாரடைப்பைக் காட்டியது. நண்பர்களை வெளியே அனுப்பிவிட்டு மூன்றாவது முறை கேட்டபோதுதான், "போலீசுக்குப் போகாதுல்ல சார்?" என்று தயங்கியபடி கொகைன் எடுத்ததை ஒப்புக்கொண்டார். அதற்குள் இருபது நிமிடங்கள் வீணாகியிருந்தன. உயிர் பிழைத்துவிட்டார் என்றாலும், இதயத் தசையில் செத்துப்போன பகுதி இனி மீளாது.

மதுவையும் புகையையும்போல ஆண்டுக்கணக்கில் பழகினால்தான் கொகைன் கெடுதல் செய்யும் என்று இளைஞர்கள் பலர் நம்புகிறார்கள். அது தவறு. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றி இதயத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படச் செய்யும் அதே வேளையில், அந்த ஆக்சிஜனைக் கொண்டுவரும் இரத்தக் குழாய்களைக் கொகைன் இறுக்கிச் சுருக்குகிறது. இரத்தம் உறைவதையும் தூண்டுகிறது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 1999-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கொகைன் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ 24 மடங்கு உயர்வதாகக் காட்டியது. முதல் முறை எடுப்பவருக்கும் இது நேரலாம். மூளையின் இரத்தக் குழாயில் நேர்ந்தால் பக்கவாதம். உறிஞ்சுபவர்களுக்கு மூக்கின் இடைச்சுவரில் ஓட்டை விழுவதும் குழாய்கள் சுருங்கி அங்கே இரத்த ஓட்டம் நின்றுபோவதால்தான்.

விருந்துகளில் இதை மதுவோடு சேர்த்தே எடுக்கிறார்கள். இரண்டும் கலக்கும்போது கல்லீரலில் கொக்காஎத்திலீன் என்ற பொருள் உருவாகிறது. கொகைனைவிட அதிக நேரம் உடலில் தங்கும் இந்தப் பொருள் இதயத்துக்கு மேலும் ஆபத்தானது. கொகைன் தரும் போதையோ அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும் என்பதால், ஒரே இரவில் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்.

மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது ஏன் முக்கியம் என்பதையும் மக்கள் அறிய வேண்டும். மாரடைப்புக்கு வழக்கமாகத் தரும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் சில, கொகைன் உடலில் இருக்கும்போது இரத்தக் குழாய்களை மேலும் சுருக்கக்கூடும். அதனால் சிகிச்சையின் முதல் படியே மாறுகிறது. எங்கள் கேள்வி யாரையும் மாட்டிவிடுவதற்காக அல்ல. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது: அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்று அதை முடிக்கும் அடிமைப்பட்டவர்மீது, போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குத் தொடர்வதிலிருந்து அது விலக்கு அளிக்கிறது. என்னிடம் வந்த குடும்பங்களில் ஒன்றுகூட இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

கொகைன் அடிமைத்தனத்துக்கென்று ஒப்புதல் பெற்ற மாத்திரை இன்றுவரை கிடையாது; உளவியல் ஆலோசனையும் தொடர்ந்த கண்காணிப்புமே வழி. ஆகவே பிள்ளையின் நடவடிக்கை மாறியதுமே பெற்றோர் உதவி தேடுவது நல்லது. கொகைன் பற்றிய செய்தி வரும் ஒவ்வொரு நாளும் அதன் அடியில் சிறு பெட்டி போட்டு, நெஞ்சுவலி வந்தால் 108, மீள விரும்பினால் தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446 என்று தாங்கள் அச்சிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர்,
சென்னை.