கை வெதுவெதுப்பாக இருந்தபோது

ஆசிரியர் அவர்களுக்கு,

1954இல் இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்குப் பொருத்தப்பட்டது. 2022இல் மரபணு மாற்றிய பன்றியின் இதயம் ஒரு மனிதரின் நெஞ்சுக்குள் துடித்தது. உறுப்பு மாற்று அறுவையின் இந்த வளர்ச்சி என்னையும் மலைக்க வைக்கிறது. ஆனால், அறுவை அரங்குக்கு வெளியே நடப்பதையும் பேச வேண்டும்.

அண்ணனுக்கு மூளைச்சாவு என்று மருத்துவர் சொன்னபோது அண்ணனின் கை வெதுவெதுப்பாக இருந்தது. வென்டிலேட்டரின் தயவில் மார்பு ஏறி இறங்கியது. மூளைச்சாவு கோமா அல்ல, மரணமேதான் என்று நிதானமாக விளக்க எவரும் உட்காரவில்லை. அடுத்த நிமிடமே உறுப்பு தானத்துக்கான ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். அம்மா மறுத்துவிட்டார். அவரை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன்.

குளிர்பெட்டியில் இதயம் நான்கு முதல் ஆறு மணி நேரமே தாங்கும் என்பது தெரியும். அது உறுப்பை எடுத்த பின் தொடங்கும் அவசரம். உறவினர்களிடம் பேசும்போது காட்டக்கூடியது அல்ல. மூளைச்சாவை உறுதிசெய்யும் மருத்துவர்கள் மாற்று அறுவைக் குழுவில் இருக்கக்கூடாது என்ற நெறி இருக்கிறது. இதை வாய்திறந்து சொல்லியிருந்தாலே, உறுப்புக்காகத்தான் மூளைச்சாவு என்கிறார்களோ என்ற எங்கள் சந்தேகம் பாதி தீர்ந்திருக்கும்.

அண்ணன் என்ன விரும்பினார் என்று அவர் இருந்தபோது நாங்களும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

– ஒரு வாசகர்