எந்த ‘நியாயம்’?

ஆசிரியருக்கு,

நியாயம் கேட்டு நீதிமன்றம் போகிறவர்கள் எந்த நியாயம் என்று பார்ப்பதில்லை. மணமுறிவில் சொத்தைப் பிரிக்க, சிங்கப்பூரின் திருமணச் சட்டமான மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவுதான் பொதுவாக அளவுகோல். சொத்துக்குக் கணவர் போட்டது 80 விழுக்காடு, மனைவி 20 என்று வையுங்கள். பிள்ளை வளர்ப்பு, வீட்டு வேலைப் பங்கு 40க்கு 60 என மதிப்பிடப்பட்டால், பொதுவாகச் சராசரி எடுத்து 60க்கு 40. ஒருவர் சம்பளத்தில் ஓடிய நீண்ட மணவாழ்வில் இந்தக் கணக்கே கிடையாது, பெரும்பாலும் சரிபாதிதான். யார் எவ்வளவு பணம் போட்டார் என்று காட்ட மத்திய சேமநிதிக் (சிபிஎஃப்) கணக்கறிக்கையை மட்டும் கட்டிக்கொண்டு போவது போதாது.

ஒப்பந்த வழக்கு வேறு மாதிரி. விலை அதிகம் என்று புலம்பினால் எடுபடாது. ஒப்பந்தத்தை மீறினால் கட்டவேண்டும் என்று அதிலேயே எழுதிவைத்த தொகை செல்லுமா என்பதற்கு, டென்கா நிறுவன வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தந்த தீர்ப்புப்படி, ஒப்பந்தம் செய்தபோது இழப்பை உண்மையாக முன்கணித்தார்களா என்பதே கேள்வி. பிற்பாடு வந்த கஷ்டம் அங்கே கணக்கில் வராது.

வாசகர், தெம்பனிஸ்