எறிந்த டோஸுக்கும் ஒரு கட்டம் வேண்டும்

நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கு,

பிறந்த பிள்ளைகளுக்குப் போடும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜிக்கு ஆஸ்பத்திரி வைக்கும் கணக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கணக்கும் பொருந்தாதபோது, பழி வார்டில் எழுதுபவர் மேல் விழுகிறது. எங்கள் அனுபவத்தில் பிழை பெரும்பாலும் பதிவேட்டின் கட்டங்களில்தான் இருக்கிறது.

பிசிஜி குப்பியொன்றில் 20 டோஸ். மருந்துத் தூளைக் கரைக்கும் திரவமான கரைப்பானைச் சேர்த்து 6 மணித்தியாலம் கடந்தால் மீதியை எறிய வேண்டும். சின்ன ஆஸ்பத்திரியில் அன்று 3 பிள்ளைகள் பிறந்திருந்தால் 17 டோஸ் போகும். விதிப்படி அது சரியே. ஆனால் இருப்புப் புத்தகம் குப்பியை எண்ணுகிறது, வார்டுப் பதிவேடு பிள்ளையை எண்ணுகிறது. அந்த 17ஐ எழுத இடமில்லாத பதிவேட்டில் கணக்கு எப்படி நேராகும்? இதைவிட மோசம், பேச்சு வாங்க வேண்டிவரும் என்று குப்பியைத் திறக்கவே தயங்குவது. பிள்ளை ஊசியில்லாமல் தோட்டத்துக்குப் போய்விடுகிறது. தயவுசெய்து எறிந்த டோஸுக்காக யாரையும் ஏசாதீர்கள்.

அடுத்தது விலாசம். "மகாலெட்சுமியின் பிள்ளை", பிறகு தோட்டத்தின் பெயர், அவ்வளவுதான். ஒரே தோட்டத்தில் மேக்கணக்கு, கீக்கணக்கு என்று பல டிவிசன்கள், மகாலெட்சுமிகளும் பலர். ஆஸ்பத்திரியில் அந்தப் பெயருக்கு ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டு, கிளினிக்கில் வேறொன்று. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர் என்றால், பிள்ளையைப் பார்க்கப் போவது வேறு பிரிவின் குடும்பநல மாது. அந்தப் பிள்ளை இரண்டு இடத்தில் எண்ணப்படலாம், ஓரிடத்திலும் எண்ணப்படாமலும் போகலாம்.

தாயின் அடையாள அட்டை இலக்கம், டிவிசன், லயன் இலக்கம், பிரசவத்துக்குப் பின் தங்கும் இடம் ஆகியவற்றுக்குக் கட்டம் போடுங்கள். குப்பிக்கு ஒரு வரி: மருந்தின் தொகுதி இலக்கம், கரைப்பானின் தொகுதி இலக்கம், கரைத்த நேரம், போட்டது, எறிந்தது. கரைப்பானின் இலக்கத்தைத்தான் பலரும் விடுகிறார்கள். ஊசிக்குப் பின் பிள்ளைக்கு ஏதும் ஆனால் முதலில் தேடப்படுபவற்றில் அதுவும் ஒன்று. பின்னேரம் நினைவிலிருந்து எழுதினால் இது வராது, குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே எழுத வேண்டும். மாதமுடிவில் தொடக்க இருப்போடு வரவைக் கூட்டி, போட்டதையும் எறிந்ததையும் கழித்தால் பிரிட்ஜில் இருப்பது வர வேண்டும்.

புதிய பதிவேடு அச்சாகும்வரை, தாளில் கோடுபோட்டு இந்தக் கட்டங்களை ஒட்டிக்கொள்ள எழுத்தில் அனுமதி தாருங்கள்.

மலையக ஆஸ்பத்திரிகளில் தடுப்பூசிப் பதிவேடு எழுதும் தாதியர் சிலர்