கரையேற முடியாத முதலை

பீட்டர்பரோ, இங்கிலாந்து
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து படிக்கவும் எழுதவும் கூடாது என்று மகன் பிடிவாதமாக இருந்தான். நேற்றுதான் விட்டான். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா?

ஊர் எப்படி என்று கேட்டிருந்தாய். சுற்றிலும் செங்கல்லுக்காகக் களிமண் வெட்டிய பள்ளங்கள். அந்தக் களிமண் சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. ஆல்ஃபிரட் லீட்ஸ் என்று ஒரு விவசாயி இங்கே இருந்தார், 1917-ல் காலமானார். ஆட்கள் கையால் மண் வெட்டிய காலம் அது. எலும்பு தட்டுப்பட்டால் அவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் பக்குவமாகப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோய், சுத்தம் செய்து துண்டு துண்டாக ஒட்டுவார். அவர் சேர்த்ததில் பெரும்பகுதி இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மெட்ரியோரிங்கஸ் என்ற கடல் முதலையும் உண்டு.

பேரன் அதன் எலும்புக்கூட்டுப் படத்தை என் முன் விரித்தான். நாம் ஆற்றங்கரையில் பார்த்த முதலைக்கு முதுகு முழுக்க எலும்புத் தகடு இருக்குமே, இதற்கு ஒன்றுகூட இல்லை. மூன்று மீட்டர் உடம்பில் முன்கால்கள் சிறுத்துத் துடுப்பாகிவிட்டன. வால் எலும்பை விரலால் தடவிக்கொண்டே போனேன். நேராக வந்தது, நுனிப்பக்கம் சட்டென்று கீழே மடங்குகிறது. அந்த மடிப்பின் மேல்தான் மீன் வால் போல ஒரு துடுப்பு நின்றிருக்கிறது.

இதன் உறவு கிரிகோசாரஸ், அர்ஜென்டினாவில் நெவ்கென் மாகாணத்தில் கிடைத்தது. அதன் மண்டையோட்டில் கண்ணுக்கு முன்னால் உப்புச் சுரப்பி இருந்ததை 2000-ல் மார்த்தா ஃபெர்னாண்டஸும் சுல்மா காஸ்பாரினியும் எழுதினார்கள். சதை எப்போதோ போய்விட்டது. ஆனால் அச்சில் வார்த்ததுபோல அதன் வடிவம், சின்னச் சின்ன உருண்டைகளாக, கல்லில் அப்படியே நிற்கிறது. இரையோடும் கடல்நீரோடும் உள்ளே போன உப்பை வெளியேற்றியது அதுதான். அது இருந்ததால் நல்ல தண்ணீர் தேடி ஆற்றுப்பக்கம் வர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நான் இவ்வளவு அவசரமாக எழுதுவது வேறொன்றுக்காக. கடலாமை எவ்வளவு தூரம் போனாலும் முட்டையிட மணலுக்கு வந்துவிடும். இந்தக் காலை வைத்துக்கொண்டு இது எப்படிக் கரையேறியிருக்கும்? கிரிகோசாரஸின் இடுப்பெலும்பை ஆராய்ந்தவர்கள், உள்வழி மற்ற முதலைகளைவிட விசாலமாக இருப்பதால் அது கடலிலேயே குட்டி போட்டிருக்கலாம் என்று 2017-ல் சொன்னார்கள். இன்றுள்ள முதலைகளிலும் அவற்றின் நெருங்கிய உறவான பறவைகளிலும் குட்டி போடுவது ஒன்றுகூட இல்லை. அதனால் சிலருக்குத் தயக்கம் இருக்கும். எனக்கு இடுப்பெலும்பை ஆராய்ந்தவர்கள் சொல்வதுதான் சரியென்று படுகிறது. இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவுக்கு வயிற்றில் குட்டியோடு எலும்புக்கூடு கிடைத்தது போல இதற்கும் ஒன்று கிடைத்தால் கேள்வியே இருக்காது.

எத்தனை மாட்டுக்கும் எருமைக்கும் பிரசவம் பார்த்தவன் நீ. கன்று எந்த இடத்தில் சிக்கும் என்று உன் கைக்குத் தெரியும். இடுப்பெலும்பின் அளவை மட்டும் வைத்து இப்படிச் சொல்ல முடியுமா? படத்தை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், இடுப்பைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறேன். பார்த்துவிட்டு உடனே எழுது.

அன்புடன்,
ராமு