மதினிக்கு, கையெழுத்துப் போட்ட பிறகு

அன்புள்ள மதினி,

உங்கள் மகனுக்குக் கற்றல் குறைபாட்டுச் சர்டிபிகேட் கேட்கும் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தேன். நேற்று போனில் "போட்டுட்டேன், போதுமா?" என்று கேட்டு வைத்துவிட்டீர்கள். எனக்குப் போதவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதியிருக்கலாம்தான். ஆனால் இதே கையெழுத்தைப் போடத் தயங்கும் அம்மாக்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். அதனால் இங்கே பேர் இல்லை, ஊர் இல்லை, அண்ணன் அன்று சொன்ன வார்த்தையும் இல்லை.

அந்தக் கல்யாணப் பத்திரிகை என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உங்கள் பெரியப்பா "எல, வாசிச்சுக் காட்டு" என்று அதை உங்கள் மகன் கையில் கொடுத்தார். மஞ்சள் தடவிய மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றான். தேய்த்துத் தேய்த்து அந்த இடம் நைந்தே போயிற்று. "கண்ணு வலிக்கு" என்றான். நீங்கள் அடுக்களையில் இருந்தபடியே, "அது மக்கு, தங்கச்சிகிட்டக் குடுங்க" என்றீர்கள். சின்னவள் முகூர்த்த நேரம் வரைக்கும் ஒரே மூச்சில் வாசித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான், மதினி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. 'கொடி' என்று சொல்லும்போது வாய் ககரத்தில் தொடங்குகிறது. கண்ணுக்கு முதலில் வருவது ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். நமக்கு அது ஒரே எழுத்து. அவனுக்கு மூன்று துண்டு. அதைச் சேர்ப்பதற்குள் அடுத்த சொல் வந்து நிற்கிறது. அடித்தால் சேராது. விரலால் மணலில் எழுதி, எழுதும்போதே சத்தமாகச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சேரும். இதே பையன்தான் நீங்கள் பீடி சுற்றி முடித்ததும் கட்டுகளை எண்ணி, ஆயிரத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று தாளும் பேனாவும் இல்லாமல் சொல்கிறான். அதை வகுப்பில் யாரும் பார்த்ததே இல்லை.

உங்களிடம் சொல்லாமல் அவனைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் அனுப்பியிருப்பீர்களா? மாட்டீர்கள். நான் வேறு என்னதான் செய்ய? "பெத்தவளுக்குத்தான் தெரியும்" என்றீர்களே, எங்கே தைக்கும் என்று தெரிந்தேதான் சொன்னீர்கள். அதற்கு இங்கே பதில் எழுத மாட்டேன்.

சரி. உங்கள் பயம் எனக்குத் தெரியாதது இல்லை. பீடிக்கடை வரிசையில் நிற்கும்போது நாலு பேர் கேட்பார்கள், நாளைக்குச் சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் கேட்பார்கள். ஆனால் பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடம் நடக்கிறது. அந்தப் பிள்ளைகளைப் பார்த்து மக்கு என்று சொல்ல நமக்கு வாய் வராது. கண்ணும் காதும் நன்றாக இருந்து, எழுத்து மட்டும் பிடிபடாத பிள்ளையைத்தான் கூசாமல் சொல்கிறோம். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அந்தச் சர்டிபிகேட் இருந்தால் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம், சொல்வதை எழுத ஆள் கேட்கலாம். அதற்கு இன்னும் வருஷம் இருக்கிறது. அதுவரை அவன் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடாமல் இருக்க வேண்டுமே, என் கவலை அதுதான்.

அவன் டீச்சரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். நான் போனால் நாத்தனார் நாட்டாமை என்று ஆகிவிடும். எல்லார் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். பாடத்தை முதல் நாளே குறித்துக் கொடுத்தால் வீட்டில் பழகி வருவான். பதிலை வாயால் கேட்கட்டும். சத்துணவுக்குத் தட்டு எண்ணுவதோ நோட்டுக் கணக்கோ, அவனுக்குக் கைவந்த ஒரு வேலையை அவன் பொறுப்பில் விடட்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பு ஆசிரியர் எந்த நாளில் வருகிறார் என்றும் கேட்டு வாருங்கள்.

வீட்டில் மக்கு என்ற வார்த்தை இனி வேண்டாம், விளையாட்டுக்குக்கூட. சின்னவளை அவனுக்கு எதிரே நிறுத்தி வாசிக்கச் சொல்வதும் வேண்டாம். அவள் பாவம், அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வாசிக்கிறாள்.

அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்