மேயும் மாட்டை மேய்கிற இடத்தில் அளவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். கறவை மாடுகள் வெளிவிடும் மீத்தேன் வாயுவை மூடிய அறையில் அளந்தது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட மீத்தேன் சுமார் 28 மடங்கு வெப்பம் கூட்டும் என்பதால் அளக்க வேண்டியதுதான், ஆனால் மூடிய அறையில் ஒரே தீவனம் போட்டு எடுத்த கணக்கை எங்கள் மாட்டுக்கும் பொருத்துவது சரியல்ல. குமரி மாவட்டத் திருவட்டாறு பக்கம் மாடு தென்னந்தோப்பில் கட்டிய கயிறு எட்டும் வரை மேயும், மாலையில் வைக்கோலும் புண்ணாக்கும் தின்னும், பலாச் சீசனில் எங்கள் தொழுவத்தில் சக்கைமடலும் கொட்டையும்தான் பாதித் தீவனம். தின்பது மாறினால் வாயுவும் மாறும்.

மேய்கிற மாட்டிடமே அளக்க வழி இருக்கிறது. சல்பர் ஹெக்சாபுளோரைடு என்ற வாயு நிரப்பிய சிறு குழாயை மாட்டின் முதல் இரைப்பையில் விடுவார்கள், அது சீராகக் கசியும். மூக்கருகே ஒரு மெல்லிய குழாய் வைத்து, கழுத்தில் தொங்கும் வெற்றிடக் கலத்தில் ஒரு நாள் முழுக்க மூச்சைச் சேகரித்து, அதில் இந்த வாயுவுக்கும் மீத்தேனுக்கும் உள்ள விகிதத்தை வைத்து மீத்தேன் அளவைக் கணக்கிடுவார்கள். மீத்தேனில் பெரும்பங்கு ஏப்பமாக வாய், மூக்கு வழியாகத்தான் வருகிறது, அதனால் இது போதும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் இரண்டு பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்தில், ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களின் தோப்புகளிலேயே மழையிலும் கோடையிலும் இப்படி அளந்து, மாடு தருபவர்களுக்கு அந்த நாட்களுக்கான தீவனச் செலவையும் கொடுக்க வேண்டும்.

– பால்மாடு வளர்ப்பவர், திருவட்டாறு